ஏழாம் நம்பர் பனியன்

பாபடோயிட்டோய், ஆக்லாந்து
4.8.2024

பெரியத்தான் அவர்களுக்குப் பங்கஜம் வணங்கி எழுதியது.

இங்கே நான், சரத், மருமகள், பேத்தி லக்ஷ்மிப்ரியா எல்லோரும் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? மருமகள் பத்மாவதி வேளைக்கு மாத்திரை கொடுக்கிறாளா? இங்கே ஆகஸ்டு மாதம்தான் நடுக்குளிர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நெல்மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்குக் காது மந்தமாகிவிட்டது, போனில் பேச முடியாது என்று பத்மா சொன்னாள். புருஷனுக்கு அண்ணன் என்று, எதிரே நின்றே உங்களோடு நான் பேசினதில்லை. போனில் என்ன பேசிவிடப் போகிறேன்? அதனால் கடிதம். அஞ்சாங்கிளாஸ் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரியா ஆல்பனியில் படிக்கிறாள். அங்கே ஒரு கிளப்பில் கூடைப்பந்து ஆடுகிறாள். போன சனிக்கிழமை அவள் ஆட்டத்துக்குப் போனேன். இந்த ஊர்ப் பாஸ்போர்ட்டுக்குக் குடும்பப்பேர் என்று ஒன்று வேண்டுமாம். சரத் வந்தபோது அப்பா பேரையே அப்படி எழுதிக்கொடுத்துவிட்டான். அதனால் பிரியா பனியன் முதுகில் உங்கள் தம்பி பேர்தான் இருக்கிறது. அவள் பந்தைத் தொட்டால் மைதானமே அந்தப் பேரைச் சொல்லிக் கத்துகிறது. அறுபது வருஷமாக என் வாயில் வராத பேர். கூட வந்த பக்கத்து வீட்டு பிம்லா, ஃபிஜிக்காரி, “நீயும் கத்து அக்கா” என்றாள். அவளுக்கென்ன? “தர்மேந்திரா, குப்பைத்தொட்டிய வெளிய வை!” என்று தெருவே கேட்கப் புருஷனைக் கூப்பிடுகிறவள். நான் கையை மட்டும் தட்டினேன்.

ஆட்டம் முடிந்ததும் பிரியா கிளப் நடையில் நின்று, “பாட்டி, சீக்கிரம் வா! திஸ் இஸ் தாத்தா!” என்று கூச்சல் போட்டாள். சுவரில் ஒரு பழைய படம். 1957, ரங்கூன். ஆறு நாட்டு டீம்கள் ஆடிய அந்தப் பந்தயத்துக்கு இந்தக் கிளப் ஆட்களும் கப்பல் ஏறிப் போயிருக்கிறார்கள். நம் டீமும் இவர்கள் டீமும் சேர்ந்து எடுத்த படம். பின்வரிசையில் மூன்றாவது, ஏழாம் நம்பர் பனியன், உங்கள் தம்பி. பத்தொன்பது வயசு. மீசை கூடச் சரியாக வரவில்லை. எனக்கு அங்கேயே நாற்காலி போட வேண்டியதாகிவிட்டது. பிரியா எடுத்த நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒரு தப்பு இருக்கிறது. படத்துக்குக் கீழே உங்கள் பேர் போட்டிருக்கிறது. நீங்கள் ரெண்டு பேரும் போனீர்கள் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். உங்கள் ரங்கூன் சர்டிபிகேட்டையும் கூடத்தில் மாட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தில் உங்களைக் காணோமே. அன்றைக்கு உடம்பு சரியில்லையா?

நவம்பர் 16-ம் தேதி, அந்த ஆட்டத்தில் ஆடிய அத்தனை பேர் பேரையும் மரப்பலகையில் செதுக்கித் திறக்கப் போகிறார்கள். சொந்தக்காரர் யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டால் பேரைத் திருத்துவோம் என்கிறார் செகரட்டரி. கூடப்பிறந்த அண்ணனைவிட யார் வேண்டும்? “ஏழாம் நம்பர் என் தம்பி” என்று ஒரு வரி அனுப்புங்கள். “ரங்கூன்ல ஆடினேன்” என்று அவர் சொன்னபோதெல்லாம் மண்டியில் சிரித்தார்கள். மூட்டை எடை போடுகிறவன் பேச்சைப் பார் என்றார்கள். நான் ஒருத்திதான் நம்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
பங்கஜம்


மன்னார்குடி
26.8.2024

அம்மா பங்கஜத்துக்கு அநேக ஆசீர்வாதம்.

கடிதமும் படமும் கிடைத்தன. நீங்கள் அனைவரும் சௌக்கியம் என அறிந்து மகிழ்ச்சி. இங்கு ஆடி போயும் வெயில் குறையவில்லை. முட்டிவலி அப்படியே இருக்கிறது. இடது கண்ணில் புரை முற்றிவிட்டதால் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். தெருவில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டு நான்கு மாதமாகிறது. கேட்பாரில்லை.

லக்ஷ்மிப்ரியா விளையாடுவது குறித்துச் சந்தோஷம். படிப்பையும் கவனிக்கச் சொல்லவும்.

படம் சிறியதாக இருப்பதால் சரியாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
எஸ். இராசரத்தினம்


பாபடோயிட்டோய்
9.9.2024

பெரியத்தான் அவர்களுக்குப் பங்கஜம் எழுதிக்கொண்டது.

எல்லோரும் சுகம். கண் ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். சம்பந்தியம்மாவுக்குச் செய்து இப்போது ஊசியில் நூல் கோக்கிறார். படத்தை இந்தத் தடவை தோசைக்கல் அளவுக்குப் பெரிதாக்கி அனுப்புகிறேன்.

அந்த ஆட்டத்தில் எதிர் டீமில் ஆடிய வாலஸ் என்று ஒருவர் இன்னும் இருக்கிறார். தொண்ணூறு வயசு, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பிரியா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவர் பேசியதைப் பிரியா தமிழில் சொன்னாள். “பாட்டி, இவர் சொல்றார், அந்த லெஃப்ட் ஹேண்ட்காரன் கடைசி நிமிஷத்துல போட்ட கூடையிலதான் தோத்தோமாம். அறுபத்தேழு வருஷமா அவன் மேல கோவமா இருக்காராம்.” சொல்லிவிட்டுக் கிழவர் சிரிக்கிறார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் தம்பிக்கு இடது கை. உங்களுக்குச் சோற்றுக்கை. அப்புறம் சந்தேகம் ஏது?

அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தப் பந்தயத்து அச்சுத்தாளையும் காட்டினார். நம் டீமில் பன்னிரண்டு பேர். மன்னார்குடி என்று ஒரே ஒரு ஆள்தான். அதில் உங்கள் பேர் இருக்கிறது. உங்கள் தம்பி பேர் இல்லை. படத்தில் அவர் இருக்கிறார், நீங்கள் இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்குத்தான் தெரியும்.

நவம்பருக்கு ரெண்டே மாதம். ஒரு வரி போதும்.

பங்கஜம்


மன்னார்குடி
1.10.2024

அம்மா பங்கஜத்துக்கு ஆசீர்வாதம்.

நலம். கண் ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது.

படத்தைப் பற்றி மீண்டும் எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்தில் அச்சில் தவறு வருவது சகஜம். அறுபத்தேழு வருடம் கழித்து அதைக் கிளறுவதில் யாருக்கு என்ன லாபம்? அண்ணன் பெயர் இருந்தால் என்ன, தம்பி பெயர் இருந்தால் என்ன, ஒரு வீட்டுப் பெயர்தானே. வெளிநாட்டில் இருக்கிறோம் என்று பெரியவர்கள் விஷயத்தில் தலையிட வேண்டாம். இருப்பது இருக்கட்டும்.

பனிக்காலத்தில் காதை மூடிக்கொள்ளவும்.

எஸ். இராசரத்தினம்


பாபடோயிட்டோய்
14.10.2024

பெரியத்தான் அவர்களுக்கு.

சுகம். இங்கே பனிக்காலம் போய்விட்டது. காதை மூட வேண்டியதில்லை.

ஒரு வீட்டுப் பேர்தானே என்கிறீர்கள். அப்படியானால் அவர் பேரே இருந்துவிட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்களிடம் ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவள் எழுதுகிறேன். அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. அவர் தலைமாட்டில் எழுதி வைக்கப் பட்டமும் இல்லை, பதவியும் இல்லை. அந்த ஒரு கூடைதான் இருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு மூன்று நாளாக ஒரு பேச்சு மனசில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவர் கேலி செய்வார். “ரங்கூன்ல பதினேழு நாள், ஒருத்தன் என் பேரைச் சொல்லிக் கூப்பிடலை. வீட்டுக்கு வந்தா நீயும் கூப்பிட மாட்டேங்கற. எனக்கெல்லாம் எதுக்குடி பேரு?” நான் சிரிப்பேன். வெள்ளைக்காரன் வாயில் நம் பேர் நுழையாமல் ஏதோ சொல்லிக் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் டீமில் இருந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்களுக்கு ஏன் நுழையவில்லை?

அங்கே அவரை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பெரியத்தான்?

பங்கஜம்


மன்னார்குடி
24.10.2024

சின்னத்தைக்குப் பத்மாவதி நமஸ்காரம்.

தபாலுக்கு நேரமில்லாததால் இதை எழுதிப் போட்டோ எடுத்து லக்ஷ்மிப்ரியா போனுக்கு அனுப்புகிறேன். நீங்கள் மட்டும் படிக்கவும். எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான், மாமா நலமாக இல்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. கூடத்திலிருந்த சர்டிபிகேட்டைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டார். கேட்டால், “கண்ணாடி விரிஞ்சிருக்கும்மா” என்கிறார். விரிசலே இல்லை.

மாமா உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர்கள் சேர்ந்து புதுக் கூடைப்பந்து மைதானம் கட்டியிருக்கிறார்கள். ரங்கூனில் ஆடியவர் என்று அதற்கு மாமா பேரைத்தான் வைக்கிறார்கள். ஜனவரி 26-ம் தேதி திறப்பு. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு ஏதோ புரிகிறது, ஏதோ புரியவில்லை. எண்பத்தெட்டு வயசு, சின்னத்தை. கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்.

பத்மாவதி


பாபடோயிட்டோய்
26.10.2024

பத்மாவுக்குச் சின்னத்தை எழுதுவது. சுகம்.

இட்லி இறங்காவிட்டால் மோர்ச்சாதம் குழையப் பிசைந்து கொடு. நார்த்தங்காய் வை, இறங்கும்.

விட்டுக்கொடு என்கிறாய். எங்கள் வீட்டில் விட்டுக்கொடுத்தது யார் என்று எனக்கே இப்போதுதான் தெரிய ஆரம்பிக்கிறது. பதில் உன்னிடமிருந்து வேண்டாம். உன் மாமாவிடமிருந்து வரட்டும்.

பங்கஜம்


மன்னார்குடி
30.10.2024

அம்மா பங்கஜம்,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ரங்கூனில் அவனை என் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

சென்னையில் ஆள் எடுக்கும் ஆட்டம் நடந்தது. நாங்கள் இருவரும் போனோம். எனக்கு ஏழாம் நம்பர், தம்பிக்குப் பதினொன்று. காலையிலேயே அவன் பனியன் தோளில் கிழிந்துவிட்டது. எனக்குக் கணுக்கால் வீக்கம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். “என்னுதைப் போட்டுக்கோடா” என்று கழற்றிக் கொடுத்தேன். அன்று அவன் ஆடிய ஆட்டத்தை என்னால் சொல்ல முடியாது. தேர்வு செய்தவர் தாளில் “7” என்று மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டார். ஏழுக்கு நேரே இருந்தது என் பெயர்.

தபாலில் தேர்வுக் கடிதம் வந்ததும் முதலில் சிரித்தோம். அப்பா விசாரிக்கப் போனார். “பேரை மாத்தணும்னா மறுபடி கமிட்டி கூடணும். அதுக்குள்ள வேற ஆளைப் போட்டுடுவாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே இனிஷியல், ஒரே வீடு. பேசாம அனுப்புங்க” என்றார் அங்கிருந்த ஒருவர். என் பெயர், தம்பியின் போட்டோ, அப்படித்தான் பாஸ்போர்ட் எடுத்தது. நான் ரங்கூனுக்குப் போகவில்லை. துறைமுகம் வரை போய்க் கை காட்டிவிட்டு வந்தேன்.

அதுவரை பிழை. அதற்குப் பிறகு நடந்தது பிழை இல்லை. மறுவருடம் விளையாட்டுக்காரர்களுக்கு ரயில்வேயில் வேலை என்று விளம்பரம் வந்தது. அப்பா சர்டிபிகேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். “பேர் உன்னுது. நீ போ.” தம்பி கிணற்றடியில் கான்வாஸ் ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எடுத்துக்கோண்ணா” என்றான். அவ்வளவுதான். அதன்பின் அவன் மைதானத்துப் பக்கமே போகவில்லை. அவன் ஆடினால் இடது கை யாருடையது என்று கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும்.

உன்னிடம் அவன் சொல்லியிருப்பான் என்றே நினைத்திருந்தேன். அதனால்தான் இந்த அறுபது வருடமாக நீ வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். நீ அதை முறை என்று எண்ணியிருப்பாய். முறை இல்லை, பயம்.

இதில் என் கையெழுத்து இருக்கிறது. உன் கிளப்புக்கு இது போதும். நீ என்ன செய்தாலும் சரி.

எஸ். இராசரத்தினம்


பாபடோயிட்டோய்
20.11.2024

பெரியத்தான் அவர்களுக்குப் பங்கஜம் வணங்கி எழுதியது.

சுகம். சாப்பிடுகிறீர்களா? பத்மா நார்த்தங்காய் வைத்தாளா?

உங்கள் கடிதம் 13-ம் தேதி வந்தது. தபால்பெட்டியிலிருந்து பிம்லாதான் எடுத்து வந்தாள். நாலு தடவை படித்தேன். சரத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அரைமணியில் உலகத்துக்கே தெரிந்துவிடும். கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன்.

சனிக்கிழமை விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பிம்லாவோடு போனேன். பலகையைத் துணியால் மூடியிருந்தார்கள். செகரட்டரி என்னிடம் வந்து, “பேப்பர் கொண்டு வந்தீர்களா? இப்போது கொடுத்தாலும் அடுத்த வாரம் மாற்றிவிடலாம்” என்றார். பிரியா அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் என் கை பைக்குள் போய்விட்டது. காகிதம் விரலில் பட்டது. பெரியத்தான், கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது கிணற்றடி ஞாபகம் வந்தது. நான் பார்க்காத கிணற்றடி. அவர் அதைத் தொலைக்கவில்லை, ஏமாறவும் இல்லை. “எடுத்துக்கோண்ணா” என்று கொடுத்தார். கையால் கொடுத்ததை அவர் போன பிறகு நான் பிடுங்கி வாங்கினால், அவர் கொடுத்ததற்கு என்ன மரியாதை? திருப்பிக் கொடுப்பதானால் வாங்கினவர்தான் கொடுக்க வேண்டும். “பேப்பர் இல்லை” என்று சொல்லச் சொன்னேன்.

பலகையைத் திறந்தார்கள். தங்க எழுத்தில் உங்கள் பேர். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எப்படித் தட்டினேன் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் வாலஸ் கிழவர் தள்ளுவண்டியோடு வந்தார். பிரியாவிடம் என்னவோ கேட்டார். “பாட்டி, தாத்தாவை வீட்ல நீ என்னன்னு கூப்பிடுவேன்னு கேக்கறார்.” நான் “ஏங்க” என்பேன். அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? பிரியா முழித்தாள். பிம்லா என்னைப் பார்த்தாள். எண்பது வயசில், பெரியத்தான், நான் அந்தப் பேரைச் சொன்னேன். கிழவர் தப்பாகத் திருப்பிச் சொன்னார். திருத்தினேன். மறுபடியும் தப்பு. மூன்று தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது. பிறகு அவர் பிரியாவைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவள் பனியன் முதுகிலிருந்த எழுத்தைத் தன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். பலகையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். தீரவில்லை. ஆனால் இனி இது உங்கள் கையில்.

நான் ஊருக்கு வந்தால் எழுந்து போகாதீர்கள்.

பங்கஜம்


மன்னார்குடி
27.1.2025

அம்மா பங்கஜத்துக்கு ஆசீர்வாதம்.

இரண்டு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை நானே கண்ணாடியில்லாமல் எழுதுகிறேன்.

நேற்று மைதானத்தைத் திறந்தார்கள். பத்து நாள் முன்பே தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கூடவே நீ திருப்பி அனுப்பிய கடிதத்தையும் கொடுத்தேன். படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். “ஐயா, நோட்டீஸ் அடிச்சாச்சு. யாருக்கும் தெரிய வேண்டாமே” என்றார். “எனக்குத் தெரியுமே தம்பி” என்றேன். என் மகன் இன்னும் என்னோடு பேசவில்லை. என்னோடு ரயில்வேயில் ஆடிய ஒருவர் நேற்று விழாவில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அது அவருக்கு நியாயம்தான். பத்மாவதி மட்டும் காலையில் மூன்று இட்லி வைத்தாள். சாப்பிட்டேன்.

கம்பெனியிலிருந்து பலகை முன்பே தயாராகி வந்துவிட்டதால், பெயின்டரைக் கூப்பிட்டு அங்கேயே திருத்தச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஐயா, மொத்தமும் அழிக்கணுமா?” என்று கேட்டான்.

“இனிஷியல் சரிதாம்ப்பா. பேர்தான் தப்பு” என்றேன்.

எஸ். அப்படியே இருக்கிறது. பக்கத்தில் பாஸ்கரன் என்று எழுதினான். பெயின்ட் காயும்வரை அங்கேயே இருந்தேன்.

நீ வரும்போது வாசலில் நிற்பேன்.

எஸ். இராசரத்தினம்